"அவுக இல்லம்மா"

சங்கரன்கோவிலில், கைவேலை செய்பவர்களுக்கு நியாயமான விலை வாங்கித் தரும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இன்டர்னாக இருந்தேன். ஒவ்வொரு துணிப்பையிலும் அதைத் தைத்தவரின் கதையை அட்டையில் அச்சிட்டுத் தொங்கவிடுவது என் வேலை.

கடையநல்லூர் பாத்திமா அக்காவிடம் "உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டிருந்தேன். "அவுக இல்லம்மா" என்றார். 'கணவரை இழந்தவர்' என்று எழுதிவிட்டேன்.

அட்டைகள் அச்சாகி வந்த அன்று அக்காவே ஒன்றை எடுத்துப் படித்தார். முகம் வெளிறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"எப்பம்மா? துபாய்ல இருந்து ஆபீசுக்கு போன் வந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று அவர் சொன்னது, ஊரில் இல்லை என்று.

"ஐயோ அக்கா, நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். அது அவர் காதில் விழவில்லை. உடனே கணவருக்குப் போன் போட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"வேலையில நிக்கேன், என்ன புள்ள?"

அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா உடைந்து அழுதார்.

அன்று "இல்லம்மா" என்றதும், எங்கே என்று இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றாமல் இல்லை. சோகக் கதை இருந்தால் பை விற்கும் என்று, அந்த நேரம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.