பெனிட்டோவின் மன்றாட்டு

பெனிட்டோவுக்கு நாற்பது வயது நடந்தது. மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை, அதனால் புத்தி மெதுவாகத்தான் வளர்ந்தது என்று அவன் அம்மா லூர்து சொல்லுவார்கள். எழுதப் படிக்க வராது. கடையில் மீதிச் சில்லறை சரிதானா என்று பார்க்கத் தெரியாது. மற்றபடி சோறு வடிப்பான், துணி துவைப்பான், வரதன் கடையிலிருந்து தண்ணீர் கேனைத் தோளில் தூக்கி, ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் எங்கள் தெரு முழுக்கப் போடுவான். சாயங்காலம் அம்மாவும் மகனும் உட்கார்ந்து, அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து மூட்டையாக வரும் ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டுவார்கள். கையில் வேலை ஓடும், வாய் ஜெபமாலை சொல்லும்.

தவக்காலத்தில் லூர்து அம்மா இறந்துபோனார்கள். நெஞ்சு வலிக்கிறது என்றார்கள், ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. பெனிட்டோ அழுதான், அடக்கத்துக்கு மறுநாளே கேன் போடவும் வந்துவிட்டான். "ஊட்ல தண்ணி இல்லாம கீறாங்க" என்றான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று, தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தை அவன் வீட்டிலேயே வைத்தோம். அவன் தங்கை ஹெலினாவும் அவள் கணவர் பிரகாசமும் ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்திருந்தார்கள். திருவள்ளூர் தாண்டி ஒரு இல்லத்தில் அவனைச் சேர்ப்பது, இந்த வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தை இல்லத்துக்குக் கட்டுவது என்று அவர்களுக்குள் பேச்சு முடிந்திருந்தது. ஹெலினா கெட்டவள் இல்லை. அவள் வீட்டில் படுக்கையிலே மாமியார், ஒரே ஒரு அறை. அண்ணனை எங்கே படுக்க வைப்பாள்?

அன்பியத்தில் வாசகம் முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லுவது வழக்கம். ஒருவர் கேட்பார், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். அன்றைக்கு ஒரு சகோதரி நல்ல மனதோடுதான் கேட்டார்: "தாயை இழந்த எங்கள் சகோதரன் பெனிட்டோவுக்கு ஒரு நல்ல இல்லத்தில் அடைக்கலம் கிடைக்க வேண்டுமென்று…" எல்லாரும் பதில் சொன்னோம். பெனிட்டோவும் கண்ணை மூடிக்கொண்டு எங்களோடு சத்தமாகச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஹெலினாவின் முகத்தைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

"சாமி, எனுக்கு ஊடு கீது. நான் இங்கியே கீறேன். என்னை எங்கியும் அனுப்பிடாத."

சொல்லிவிட்டுப் பதிலுக்காக நின்றான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மெழுகுவர்த்திப் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"அவங்க கேட்டப்போ சொன்னீங்க இல்ல? நான் கேட்டா இன்னாத்துக்கு சொல்ல மாட்றீங்க?"

"கேட்டருளும்" என்று நான் சொன்னேன். இன்னும் இரண்டு மூன்று குரல் கூட வந்தது. கேன் கொண்டுவந்து வாசலில் நின்ற வரதனுக்கு எங்கள் ஜெபமெல்லாம் தெரியாது. அவன் நேராகவே கேட்டான்.

"அண்ணாத்தே, அவன் கேக்குறதுல இன்னா தப்பு? அவன் ஊட்ல அவன் கீறேன்றான்."

"தப்புன்னு யாருங்க சொன்னா?" என்றார் பிரகாசம். "கேஸை திறந்து வுட்டுட்டான்னா? எவனாவது வந்து கைநாட்டு வாங்கினு போயிட்டான்னா? நீ வந்து நிப்பியா?"

"நிப்பேன்."

"ஒரு நாள் நிப்ப. தெனம் நிப்பியா?"

வரதன் தலையைச் சொறிந்தான். பெனிட்டோ சொன்னான்: "தெனம் நான் நிப்பேன் மாப்ள. என் ஊடுதான?"

கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். பிரகாசத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் ஒரு மாதம் கிடைத்தது. "ஒரே மாசம் மச்சான். சின்னதா ஏதாவது ஆச்சு, அவ்ளோதான். மறுபேச்சு பேசாம வண்டி ஏறணும்."

பெனிட்டோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கேஸை மூடிவிட்டு இரண்டு தரம் தொட்டுப் பார்ப்பான். கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பான். தெருப் பையன்கள், "இன்னா மாமே, தனிக் குடித்தனமா? பொண்ணு பாக்கலாமா?" என்று ஓட்டுவார்கள். "முதல்ல மாசம் முடியட்டும்டா" என்பான். ராத்திரி சாப்பாடு நாங்கள் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுத்தோம். கழுவித் துடைத்த டப்பா காலையில் திரும்பி வரும்.

மூன்றாவது வாரம் அவன் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். வெயிலில் முகமெல்லாம் பவுடர். "எங்க மாப்பிள்ளை, கல்யாணத்துக்கா?" என்றான் வரதன். "சும்மா" என்றான். கேனை மாடிக்குத் தூக்கும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறான் என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்டேன், "உடம்புக்கு ஏதாவதாப்பா?" "ஒண்ணும் இல்லக்கா. நல்லா கீறேன்." டப்பாவும் கழுவித்தானே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருந்த சோற்றை அவன் நாய்க்குப் போட்டுவிட்டுக் கழுவியிருக்கிறான். அது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை, மாடிப் படியிலிருந்து கேனோடு விழுந்தான். வரதன்தான் தூக்கினான். தொட்டதும் கத்தினான்: "அய்யோ, அடுப்பு மாதிரி கொதிக்குதுடா!" சட்டைக் கையை மடக்கினால் தோலெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். எத்தனை நாளாய் ஜுரம் என்று டாக்டர் கேட்டதற்கு அவன் வாயே திறக்கவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். ஹெலினா அவன் தலைமாட்டிலேயே கிடந்தாள், சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. பிழைத்தான், ஆண்டவர் கிருபை.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நான் கஞ்சி கொண்டுபோனேன். ஹெலினா அவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் அவன் துணியெல்லாம் அடைத்த பை. அதைப் பார்த்ததும், இல்லத்துக்குத்தான் கிளம்புகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

"ஏன்ணா மறைச்ச?" என்றாள் ஹெலினா. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரை வாங்கித் தந்திருப்போமே."

"சொன்னா அனுப்பிடுவீங்க."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு? செத்துப்போயிருப்ப. உன்னை எப்படிண்ணா நான் தனியா வுடுவேன்?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். திக்கித் திக்கித்தான் பேச்சு வந்தது.

"ஜுரம் எல்லாருக்கும்தான பாப்பா வருது. போன கிறிஸ்மஸுக்கு மாப்ளைக்கு வந்துச்சே. அவர எங்க அனுப்புனீங்க?"

சீப்பு நின்றுவிட்டது. வண்டி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று பிரகாசம் எழுந்து வெளியே போனார்.

வண்டி வந்திருந்தது. வீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாமே என்று நான் கேட்டேன். பார்த்தால் மறுபடி வண்டி ஏறமாட்டான் என்றார்கள். அவனை நேராகத் திருவள்ளூர் ரோட்டில் கொண்டுபோனார்கள்.