சீசன்காரர்கள் விட்டுப்போனது

குற்றாலத்துக்காரர்களான எங்களுக்குப் பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைத்துச் சுத்தம் பண்ணுகிற வழக்கமெல்லாம் பேருக்குத்தான். ஆவணி பிறந்து, சாரல் ஓய்ந்து, கடைசி சீசன்காரரும் மூட்டை கட்டிப் பஸ் ஏறிய மறுநாள்தான் எங்கள் வீட்டில் ஒட்டடைக் கம்பு நிஜமாக வெளியே வரும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் வீடு எங்களுடையது இல்லை. வரிசையாக இருந்த ஐந்து ரூம்களையும் அருவிக் குளியலுக்கு வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, அப்பா, அம்மா, அண்ணன், நான் நாலு பேரும் அடுக்களையில் சுருண்டு கிடப்போம். அதனால் ஆவணி எப்போது வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். எனக்கு ஒன்பது வயதான வருஷம் மட்டும், ஐம்பதுகளின் கடைசி அது, ஆவணி வரவே கூடாது என்று குற்றாலநாதரைக் கும்பிட்டேன்.

சீசன்காரர்கள் போன வீட்டைப் பார்க்க வேண்டுமே! உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்துக்குச் சுவர் பூராவும் எண்ணெய்க் கறை. பாயெல்லாம் பூசணம். கொடியில் ஒரு துண்டு, ஜன்னலில் பாதிச் சோப்பு, மூலையில் ஒற்றைச் செருப்பு. இப்படி மறந்துபோன சாமான்களுக்கு அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் முற்றத்தில் ஒரு பாயில் பரப்பி, எந்த ரூமில் கிடந்தது என்று சீட்டு எழுதி, துணியில் கட்டிப் பரணில் போட வேண்டும். அடுத்த சீசனுக்கு ஆள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அடுத்த ஆவணியில் இல்லாதப்பட்டவர்களுக்குப் போய்விடும். வருஷம் முடியாமல் ஒரு குண்டூசியைக்கூடத் தொட விடமாட்டாள். ஒரு நல்ல குடைமேல் அப்பாவுக்கு ஆசை வந்து, பாவம், அவரும் ஒரு வருஷம் நனைந்துகொண்டே காத்திருந்தார்.

அந்த வருஷம் கடைசி ரூமுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்தார்கள். கூடவே அந்த மனிதரின் தங்கை. இருபத்தைந்து வயது இருக்கும். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஒரு மண்டலம் அருவியில் தலையைக் கொடுத்தால் தெளியும் என்று யாரோ சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். அப்போதெல்லாம் அது சகஜம். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். தினமும் விடிந்ததும் அண்ணன்காரர் கையைப் பிடித்து அருவிக்கு அழைத்துப்போவார், ஈரச் சேலையோடு திரும்ப அழைத்து வருவார். அவள் யாரையும் அடித்ததில்லை, கத்தியதில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது. நான் பல்லாங்குழி ஆடினாலும் பார்ப்பாள், மூக்கைச் சிந்தினாலும் பார்ப்பாள், கண்ணைக்கூடச் சிமிட்டமாட்டாள்.

போதாக்குறைக்கு என் அண்ணன். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவன், பொய் சொல்வதில் இருபது வருஷம் மூத்தவன்.

"ஏட்டி, அவ யாரு தெரியுமா? பெத்த புள்ளையக் கெணத்துல போட்டவளாம். சின்னப் புள்ளையளப் பாத்தா அவளுக்குக் கை துறுதுறுன்னு வருமாம்" என்றான்.

அது முழுப் புளுகு என்று பெரியவனான பிறகு அவனே ஒப்புக்கொண்டான். அப்போது நான் அதை அப்படியே நம்பினேன்.

மண்டலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஊரில் வயல் வேலை கிடக்கிறது, வெள்ளிக்கிழமை வந்து இவளைக் கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். வெள்ளி வந்தது, அவர்கள் வரவில்லை. அடுத்த வெள்ளியும் போனது. ராயகிரிப் பக்கம் என்று சொன்னார்களே என்று அப்பா பஸ் ஏறிப் போய் விசாரித்தார். அந்தப் பேரில் அங்கே ஒரு குடும்பமும் இல்லையாம். பேரும் ஊரும் பொய் என்று அப்பா திரும்பி வந்து சொன்னார்.

மற்ற சீசன்காரர்கள் எல்லாம் போய், எங்களோடு அவள் மட்டும் மிஞ்ச, நான் கும்பிட்டதையும் மீறி வீடு ஒதுங்கவைக்கிற நாள் வந்துவிட்டது. நாலு ரூமையும் காலி பண்ணிவிட்டு அம்மா கடைசி ரூமுக்குப் போனாள். "வெள்ளையடிக்கணும்மா, செத்த முத்தத்துல வந்து இரு" என்று அவளைக் கூப்பிட்டாள். அவள் தன் துணிமூட்டையோடு வெளியே வந்தாள். முற்றத்துப் பாயில் ஒரு சீப்பு, ஒற்றைச் செருப்பு, துண்டுகள், ஒரு பித்தளைக் கூஜா எல்லாம் வரிசையாக இருந்தன. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு நேரே போய் அந்த வரிசையின் கடைசியில், கூஜாவுக்கு அடுத்தாற்போல், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டும் பென்சிலுமாக நின்ற அம்மா இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இவளையும் பரண்ல ஏத்திருவாவளோ?" என்று அண்ணன் என் காதில் கிசுகிசுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா சொன்னார்: "பெரிய ஆஸ்பத்திரில பைத்தியக்கார வார்டுல கொண்டு சேத்துருதேன். நாம என்னளா செய்ய முடியும்?"

"ஒரு சீப்பையே வருசம் முடியாமக் குடுக்கமாட்டேன். பொம்பளப் புள்ளையக் குடுக்கச் சொல்லுதியளே! அடுத்த சீசனுக்கு வந்து கேப்பாவ. என்ன பதில் சொல்லுவிய?"

"வரலேன்னா?"

"அத அப்பம் பாப்போம்."

அம்மா அந்தக் குரலில் பேசினால் அப்பா மேலே பேசமாட்டார். ஆக, ஒரு வருஷத்துக்கு அவள் எங்களோடுதான். ரூமெல்லாம் சுண்ணாம்பு ஈரமாக இருந்ததால் அவள் பாயை அடுக்களையில் விரித்தார்கள். அதுவும் என் பாய்க்குப் பக்கத்தில்!  அவள் பக்கம் முகத்தைத் திருப்பினால் அந்தக் கண்கள், முதுகைத் திருப்பினால் அந்தக் கைகள். எப்படித்தான் படுப்பது?

அடுத்த இரண்டு நாளும் அம்மாவுக்கு அவள் வலது கையாகிவிட்டாள். திண்ணைச் சுவரின் எண்ணெய்க் கறையைச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்தே எடுத்தாள். தைலப் புட்டிகளை உயரவாரியாக அடுக்கினாள். கிழிந்த பாய்களை ஒரு பக்கம், நல்ல பாய்களை ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்டினாள். "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா" என்று அம்மா பூரித்துப்போனாள். நானோ அவள் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தால் தெருவுக்கு ஓடினேன். கொல்லைக்குப் போகும் வழியில் அவள் நின்றால் அடக்கிக்கொண்டேன். ஒருதரம் கொய்யாப்பழம் நறுக்கி நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

மூன்றாம் நாள் பரண் வேலை. வீட்டில் நான்தான் எடை குறைவு என்பதால் வருஷா வருஷம் என்னைத்தான் ஏற்றுவார்கள். அம்மா ஏணியில் நின்று மூட்டைகளைத் தர, நான் மேலே குனிந்தபடி வாங்கி வைத்தேன். பாதியில் பின்பக்கம் ஒரே இரைச்சல். காயவைத்த பருப்பில் குரங்குகள் இறங்கிவிட்டன. "அங்கனயே இருட்டி, வந்துருதேன்" என்று அம்மா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஏணி கிறீச்சென்றது. அம்மாதான் என்று நினைத்தேன். முதலில் அவள் தலை தெரிந்தது, பிறகு அந்தக் கண்கள். என் முகத்தை அல்ல, என் கால்களைப் பார்த்தாள். வா என்பதுபோல் கையை நீட்டினாள். நான் ஒரு எட்டு பின்னால் போனேன். காலடியில் ஏதோ மளுக்கென்றது. அவ்வளவுதான், ஒரே பாய்ச்சலில் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அம்மாடி, என்ன பிடி! கிணறு, கிணறு என்று என் தலைக்குள் அடித்துக்கொண்டது. அந்தக் கையை வெறிகொண்டு கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. பிடி தளர்ந்ததும் அவளைத் தாண்டிக் குதிக்கப் பார்த்து, கூஜாவோடு தலைகுப்புறக் கீழே விழுந்தேன்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். என் முகவாய் கிழிந்திருந்தது, இடது கை கோணலாகத் தொங்கியது. அவள் ஏணியிலேயே நின்றிருந்தாள்.

"தள்ளிவிட்டாளாட்டி?" என்று அண்ணன் கேட்டான்.

அம்மா, அப்பா இருவரும் என் வாயையே பார்த்தார்கள். அவள் தள்ளவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இல்லை என்று சொல்ல எனக்கு வாயும் இருந்தது. ஆனால் அன்றைக்கும் என் பக்கத்தில் அவள் பாய் விரிப்பாள் என்பதும் தெரியும். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"போதும்ளா. இனி ஒரு நாள்கூட வேண்டாம்" என்றார் அப்பா. இந்தத் தடவை அம்மா சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் எல்லாரும் தென்காசிக்குப் போனோம். எனக்கு அங்கே கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு வேறு பஸ் ஏற வேண்டும். அம்மா அவளுக்குத் தன் சேலை ஒன்றைக் கொடுத்து, தலைவாரி, பூவும் வைத்துவிட்டிருந்தாள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கடித்த கையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன். பஸ் உறுமத் தொடங்கியதும் அவள் அம்மாவைப் பார்த்துக் கையை அசைத்துக் கூப்பிட்டாள். அம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள்.

"பரண்ல மூணாவது பலகை உளுத்துக் கெடக்கு. புள்ளைய இனிமே ஏத்தாதிய" என்றாள்.

இரண்டு மாதத்தில் நாங்கள் கேட்ட அவளுடைய முதல் பேச்சு அதுதான். பக்கத்து வீட்டுக்காரி சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.  பஸ் நகர்ந்த பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது; "ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்கவில்லை. நல்லவேளை, நான் பொய் சொன்னதை அவள் சொல்லவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே பரணில் ஏறினாள். இறங்கியபோது அவள் உள்ளங்கையில் மரத்தூளும் ஒரு பலகைச் சில்லும் இருந்தன. என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கடைசி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா திரும்பியதும் அம்மா வாசலிலேயே மறித்தாள். "நாளைக்கே போயிக் கூட்டிட்டு வந்துருவோம். அவ ஒண்ணும் செய்யல" என்றாள்.

"கையெழுத்துப் போட்டாச்சுளா" என்றார் அப்பா. "இனி சொந்தக்காரவ வந்து கேட்டாத்தான் வெளிய விடுவாவளாம்."

அம்மா தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எப்படியும் எனக்கு விளக்குமாற்றால் விழும் என்று மூலையில் ஒடுங்கி நின்றேன். அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.