பதினொன்றாம் பெட்டுக்கு அட்டெண்டர்

1. கதவில் ஒட்டிய பேப்பர்

ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்கு அட்டெண்டர் என்றால் யார் என்று தெரியும். பேஷண்டோடு வந்து தங்குகிறவர். பெண்டாட்டியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், தங்கச்சியாக இருக்கலாம். கஞ்சி ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, ஈரத் துணி மாற்றுவது, கீழே மருந்துக் கடைக்கு ஓடுவது எல்லாம் அவர்கள்தான். அவர்கள் செய்கிற வேலையை நம்பித்தான் அவ்வளவு பெரிய வார்டுக்கும் இரண்டே ஆயாக்களைப் போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நான். பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம்.

கொரோனா வந்த முதல் வருஷம், ஒரு நாள் காலையில் எங்கள் இரண்டாம் மாடி வார்டுக் கதவில் பேப்பர் ஒட்டியிருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அட்டெண்டர்களுக்கு அனுமதி இல்லை என்று போட்டிருந்தது. அவர்கள் செய்த வேலையை இனிமேல் யார் செய்வது என்று போடவில்லை.

பின்னால் எங்கள் சூப்பர்வைசர் சம்பத் சார் வந்தார்.

"இன்னாம்மா, நின்னு படிச்சிகினு கீறீங்க? உள்ள போங்க. இனிமே நீங்கதான் அட்டெண்டரு."

என்னோடு வேலை செய்த தேவகி அக்கா சும்மா இருக்க மாட்டாள்.

"அப்போ பேஷண்டுக்கு வாங்கினு வர்ற ஆரஞ்சுப் பழமும் எங்களுக்குத்தானா சார்?"

அவர் சிரிக்காமல் போய்விட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு யார் முன்னாலும் பேச வராது. என் பங்குக்கும் சேர்த்து அக்காதான் பேசுவாள். அவள் மாங்காடு, நான் சென்னீர்குப்பம். இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை. அவளுக்கு ஒரு மகள், திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். எனக்குப் பிள்ளைகள் கிடையாது.

2. முதுகைக் காட்டச் சொன்னது

அந்த வருஷம் வைத்தியம் வாரத்துக்கு ஒன்றாக மாறியது. மலேரியா மாத்திரை என்றார்கள், எங்களுக்குக்கூடக் கொடுத்தார்கள். பிறகு அது வேண்டாம் என்றார்கள். குணமானவர் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றினார்கள், அதையும் விட்டார்கள். நான் டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் அது புது வியாதி. பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

அப்படிக் கற்றுக்கொண்டதில் எங்கள் கைக்கு வந்தது ஒன்றுதான். மூச்சு வாங்குகிறவர்களைக் குப்புறப் படுக்க வைப்பது. ப்ரோன் என்பார்கள். வார்டில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, தலையணை எங்கே வைப்பது, ஆக்ஸிஜன் டியூப் மடங்காமல் எப்படித் திருப்புவது என்று பொறுமையாகக் காட்டினார். குப்புறப் படுத்தால் நுரையீரலின் பின்பக்கம் விரிந்து காற்று போகுமாம்.

சொல்வது சுலபம். ஜனங்கள் படுக்க மாட்டார்கள். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையரான ஒரு பெரியவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"குப்புறப் படுத்தா குடும்பத்துக்கு ஆகாதும்மா. எங்கம்மா சின்ன வயசுலருந்து சொல்லுவாங்க."

"உன் குடும்பம் வூட்ல சோறு துன்னுகினு நல்லாத்தான் கீது நைனா," என்றாள் அக்கா. "நீ முதுவ காட்டு. நான் இன்னா, அடிக்கவா போறேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, அந்த இருமலிலேயே திருப்பிவிட்டோம். விரலில் மாட்டிய மிஷினில் ஆக்ஸிஜன் நம்பர் ஏறியது. அதைப் பார்த்தால் எங்களுக்கே மூச்சு வந்த மாதிரி இருக்கும். பிறகு அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் மரியாதை செய்கிறோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் பூ தூவினார்கள். டாக்டர்களும் சிஸ்டர்களும் வரிசையாக நின்றார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சம்பத் சார் வந்து, முன்பக்கம் ஒரே குப்பையாக இருக்கிறது என்றார்.

"நமக்கும் பூ வந்துச்சு பாருடி," என்று அக்கா துடைப்பத்தை எடுத்தாள்.

பெருக்கி முடித்து மாடி ஏறும்போது சொன்னாள்: "எனக்கு வந்தா நீதான் தனம் திருப்பணும். வேற எவனா இருந்தா, இந்த வெயிட்டானு உட்டுட்டு ஓடிடுவான்."

"சரிக்கா," என்றேன்.

3. பினாயில் வாசனை

ஒரு காலையில் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்தோம். என் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குப் பினாயில் நெடி. அக்கா பக்கெட்டில் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி, வெறும் தண்ணிய ஊத்திக் குடுத்துட்டானுங்களா? வாசனையே இல்ல."

நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள். வாசனை தெரியாமல் போவது எதற்கு அடையாளம் என்று அந்த வார்டில் இருந்த எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவுக்கு டெஸ்ட் எடுத்தார்கள், கொரோனா என்று வந்துவிட்டது. எங்கள் வார்டிலேயே பதினொன்றாம் பெட் கொடுத்தார்கள். அட்மிஷன் போடும் இடத்தில் இருந்த பையன் பழக்கத்தில் கேட்டான். அட்டெண்டர்களை உள்ளே விடுவதில்லை என்றாலும் பெயர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அட்டெண்டர் யாரு?"

"பொண்ணு திருப்பூர்ல கீது. ஊரு தாண்டி வர இ-பாஸ் கெடைக்கல. தனம்னு போடு. இங்கதான வேல செய்யுது."

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பெட்டின் தலைமாட்டுப் போர்டில் அட்டெண்டர் தனம், ஸ்டாஃப் என்று எழுதினார்கள். தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தைரியமாகக்கூட இருந்தது.

அக்கா கட்டிலில் ஏறிப் படுத்த கொஞ்ச நேரத்தில் சம்பத் சார் வந்தார்.

"நீ அதுகூட ஒண்ணா உக்காந்துதான துன்ன? அப்போ நீ கான்டாக்ட். பின்னாடி ஹாஸ்டல்ல பதினாலு நாளு இருக்கணும். வெளிய வரக் கூடாது."

"அக்காவ யாரு சார் பாப்பாங்க?"

"எல்லாம் பாத்துப்பாங்க. நீ கெளம்பு."

பாத்துப்பாங்க. அந்த வார்த்தையில் யார் என்பது கிடையாது. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

4. மைக்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சிஸ்டர்களுக்கான பழைய ஹாஸ்டல் இருந்தது. அதில் கீழ் ரூமில் என்னை விட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் வார்டின் பின்பக்கம் தெரியும், மைக்கில் பேசுவதும் கேட்கும். அக்காவுக்குப் போன் பண்ணினேன். அன்றைக்குச் சாயங்காலம் எடுத்தாள். நன்றாக இருக்கிறேன் என்றாள். மறுநாள் காலையில் எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மத்தியானம் மைக்கில் கூப்பிட்டார்கள்.

"பெட் நம்பர் பதினொண்ணு, தேவகி அட்டெண்டர் தனம், உடனே வார்டுக்கு வரவும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரூமுக்குள் அடைத்து வைத்தவர்களே கூப்பிடுகிறார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். செருப்புகூடப் போடாமல் பின்கேட்டுக்கு ஓடினேன். அங்கே செக்யூரிட்டி பலராமன் நின்றார். அக்கா தினமும் அண்ணாத்தே என்று கூப்பிட்டுக் கலாட்டா பண்ணுவாளே, அவர்தான்.

"இரும்மா, இரும்மா. நீ வெளிய வரக் கூடாதுல்ல?"

"மைக்ல என் பேர சொல்றாங்க அண்ணே."

"எனக்கும் காது கேக்குது. ஆனா உட்டா என் வேல போயிடும். இரு, சம்பத் சாருக்குப் போன் போடறேன்."

போன் போட்டார். சம்பத் சார் முடியாது என்றார். கான்டாக்டை உள்ளே விட்டால் கேஸ் ஆகும் என்றாராம். மூன்றாம் தடவை மைக்கில் என் பெயர் வந்தது. நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. அத்தனை வருஷ வேலையில் நான் சத்தம் போட்டது அன்றைக்கு மட்டும்தான்.

உடம்பு முழுக்க மூடுகிற பிபிஇ உடுப்பைக் கழற்றுகிற தகரக் கொட்டகை அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சின்ன டாக்டரம்மா வேர்வையில் நனைந்து வெளியே வந்தவர், சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"தனம்மா? நீங்க இங்க என்ன பண்றீங்க? டூட்டியில இருக்கீங்கன்னு சொன்னாங்களே. பதினொண்ணு ப்ரோன்ல படுக்க மாட்டேங்குறாங்க, அட்டெண்டர் எங்கன்னு உங்களத்தான் தேடிட்டிருக்காங்க."

"நான் நேத்துலருந்து இங்கதான் கீறேன் டாக்டரம்மா."

அவர் நேராகக் கேட்டுக்கு வந்தார். பிறகு பலராமனிடம், "நான் சொன்னேன்னு எழுதிக்கோங்க, திறங்க," என்றார்.

பிபிஇ போட்டுக்கொண்டு மேலே போனேன். முந்தின நாள் ராத்திரி டூட்டியிலிருந்தே வார்டில் ஆள் மொத்தமாக மாறியிருந்தது. சிஸ்டர்களும் புதுசு, எங்கள் இடத்துக்கு வந்த இரண்டு ஆயாக்களும் புதுசு. பெட்களைப் பிரித்துக்கொண்டபோது பதினொன்றை விட்டுவிட்டார்கள்.

"அதுக்கு ஸ்டாஃபே அட்டெண்டர் கீதுன்னு போர்டுல இருந்துச்சு ஆயா. அதான் நாங்க போவல," என்றாள் அதில் ஒருத்தி. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கையில் இரண்டு பெட்பேன் இருந்தது.

சிஸ்டர் நேரத்துக்கு வந்து ஊசி போட்டிருந்தார், நம்பர் பார்த்திருந்தார். அதில் குறை இல்லை. ஆனால் காலை இட்லிப் பொட்டலம் கட்டியது கட்டியபடி இருந்தது. பெட்ஷீட் நனைந்திருந்தது. மேசையில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல், அக்காவின் கைக்கு எட்டாத தூரத்தில். அவள் மல்லாந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பிபிஇ போட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்போம். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் கொடுத்தேன். பிறகு காதோரம் குனிந்து, "முதுவ காட்டுக்கா. அடிக்க மாட்டேன்," என்றேன்.

மாஸ்க்குக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

"டூட்டிக்கு வர்ற நேரமாடி இது?"

சிஸ்டரும் நானும் சேர்ந்து திருப்பினோம். நம்பர் கொஞ்சம் ஏறியது. சாயங்காலம் வரை ஏறியபடி நின்றது, பிறகு இறங்கியது. வெண்டிலேட்டருக்கு மாற்றினார்கள். அந்த ரூமுக்குள் என்னை விட மாட்டார்கள். அங்கேதான் போய்ச் சேர்ந்தாள். மகளுக்கு இ-பாஸ் கிடைத்து வந்தபோது காட்டுவதற்குச் சாம்பல்தான் இருந்தது.

முந்தின நாளே திருப்பிப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா," என்றார். பொய் சொல்லாமல் சொன்னதற்கு அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். தான் துடைத்த வார்டில், நாக்கு வறண்டு ஒரு ராத்திரியும் அரைப் பகலும் கிடந்தாள்.

இரண்டாம் அலையில் கதவில் வேறு பேப்பர் ஒட்டினார்கள். பேஷண்டுக்கு ஒரு அட்டெண்டர் பிபிஇ போட்டு உள்ளே இருக்கலாம் என்று. தப்பு என்று தெரிந்து மாற்றினார்கள் என நினைக்க வேண்டாம். ஆயாக்கள் போதவில்லை, அதனால் மாற்றினார்கள்.

5. கண் ஆபரேஷன்

வேலையை விட்டு உட்கார்ந்த பிறகு எனக்குக் கண்ணில் புரை வந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"அட்டெண்டர் யாரு பாட்டி?"

"யாரும் இல்லம்மா."

"அட்டெண்டர் இல்லாம ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. ரூல்ஸ். பேர் போட்டாதான் கம்ப்யூட்டர் எடுக்கும்."

கொஞ்சம் யோசித்தேன்.

"தேவகின்னு போடு."

"எங்க இருக்காங்க?"

"வெளிய கீறாங்க."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தபோது மைக்கில் கூப்பிட்டார்கள்.

"தனம் அட்டெண்டர் தேவகி, உடனே வரவும்."

சில தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் வந்து கேட்கவில்லை. ஒரு பெண் வந்து மேசையில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் எழுந்து, ஒரு கண்ணோடு பாட்டிலைத் தடவி எடுத்து, மூடியை நானே திறந்துகொண்டேன். எனக்கு எழ முடிந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு எனக்குத் தெரிந்தது இதுதான். டூட்டி மாறும்போது போர்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். பெயர் தண்ணீர் கொடுக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய், பாட்டில் மூடி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.