அண்ணன் கடைக்குக் கடை நின்ற காரணம்

எங்கள் அண்ணன் மாயவரத்தில் பிறந்தார். மத்திய அரசில் குமாஸ்தாவாக டில்லிக்கு வந்து, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து, அறுபத்தேழாம் வயதில் மாரடைப்பில் காலமானார். கோபமே வராதவர். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தினம் எட்டு சிகரெட் ஆகியவையும் அவரிடம் இருந்தன. முதல் மூன்றும் எனக்கும் உண்டு. நான் சிகரெட் பிடிப்பதில்லை. அந்தக் குறையை என் தொப்பை ஈடுகட்டுகிறது.

ஓய்வு பெற்றபின் அவரும் நானும் மாலையில் சரோஜினி நகர் மார்க்கெட்டில் நடப்போம். நூறடிக்கு ஒரு கடையில் நின்று சட்டை விலை கேட்பார். வாங்கமாட்டார்.

“இன்னிக்காவது ஒண்ணு எடுண்ணே. கடக்காரன் உன்னப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறான்.”

“நீ ஜல்தியா போயி என்னத்தக் கிழிக்கப் போற? நில்லுடா.”

இதை நம் வீட்டு விசேஷங்களில் நான் நடித்துக் காட்டியிருக்கிறேன். சொந்தக்காரர்களான நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அண்ணனின் கால் விரலில் ஒரு புண் வந்து, ஆறவே இல்லை. டாக்டர் கையில் பிரஷர் பார்த்தார். பிறகு அதே பட்டையைக் கணுக்காலில் சுற்றினார். கையைவிடக் காலில் மிகக் குறைவாக இருந்தது. நடந்தால் வலிக்குமா என்று கேட்டார்.

“ரெண்டு வருஷமா வலிக்குது டாக்டர். கெண்டக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்னா விட்டுரும். இவன் முன்னாடி நொண்டினா ஊரு பூரா நடிச்சுக் காட்டுவான். அதான் சட்டை பாத்துக்கிட்டு நின்னேன்.”

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

சர்க்கரையும் பிரஷரும் கொழுப்பும் புகையும் சேர்ந்து கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிட்டன, இதயத்திலும் அப்படியே இருக்கக்கூடும் என்றார் டாக்டர். அண்ணன் அன்றே சிகரெட்டை விட்டார். புண் ஆறியது. இதயத்துக்கு மட்டும் நாங்கள் தாமதமாகப் போயிருந்தோம்.

உங்களுக்கும் பார்க்கலாமே என்று டாக்டர் அன்று என்னிடமும் சொன்னார். நான் துணைக்கு வந்தவன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி கேட்டார்: “நீங்க எப்ப தம்பி டாக்டர்கிட்ட போறீங்க? நடக்கையில நீங்களும் நிக்கிறத நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.” போனேன்.

அந்த டாக்டருக்கும், மாரடைப்பு வந்த அன்று அண்ணனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், அண்ணிக்கும் எங்கள் நன்றி. சர்க்கரை உள்ள நம் குடும்பத்தார், மாத்திரை சாப்பிடுகிறோமே என்று இருந்துவிடாமல், கணுக்காலிலும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என் இடது காலில் அடைப்பு தொடங்கியிருக்கிறது. நடந்தால் வலிக்கிறது. எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் அண்ணனின் இந்த நினைவுக் குறிப்பிலேயே எழுதுகிறேன்.