கால்மாட்டுப் பெட்டி

தச்சருக்கு உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அவர் மனைவிக்கு ஐந்தடி பதினோரு அங்குலம், அதுவும் வெறுங்காலில்! இருவரும் சேர்ந்து தெருவில் இறங்கினால் போதும், "ஏணியும் முக்காலியும் கிளம்பிடுச்சுடோய்" என்று எவனாவது குரல் கொடுப்பான். "மூர்த்தி சிறிசு, கீர்த்தி பெரிசுப்பா" என்று தச்சர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவள்தான் தோளைக் குறுக்கிக்கொண்டு கூன்போட்டு நடப்பாள்.

எப்படி முடிந்தது இந்தக் கல்யாணம் என்று கேட்கிறீர்களா? அவள் ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். இவர் தினம் ஒரு கைக்குட்டை வாங்கினார். நாற்பதாவது கைக்குட்டைக்கு அவள் சிரித்தபடி எழுந்து நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே போனாள். அதற்குள் மனுஷர் மனசைப் பறிகொடுத்தாயிற்று.

இருபத்திரண்டு வருடத்தில் இருவருக்கும் பெரிய சண்டை என்று ஒன்று கிடையாது. ஒரே குறை, அவளுடைய முட்டிவலி. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். தைலம், களிம்பு, வெந்நீர் ஒத்தடம், மூன்று டாக்டர்கள், எதற்கும் மசியவில்லை. "வயசாகுதுல்ல" என்பாள். "நாப்பத்தஞ்செல்லாம் ஒரு வயசா?" என்று கத்துவார். அவள் எழும்போது அந்தப் பக்கம் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார்.

அப்போதுதான் விளையாட்டு விடுதி வார்டன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகக் கூடைப்பந்துப் போட்டி. நான்கு நாட்டு அணிகள் இந்த விடுதியில்தான் தங்கப்போகின்றன.

"மேஸ்திரி, நம்ம கட்டில் எல்லாம் ஆறடி. வர்ற புள்ளைங்க ஒண்ணொண்ணும் பனைமரம்! இருபத்தி மூணு பேருக்குக் கால் நீட்ட இடம் பத்தாது. பத்து நாள்ல ஏதாவது பண்ணுங்க."

தச்சர் யோசித்தார். கட்டிலின் கால்மாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு, அதே உயரத்தில் ஒரு பெட்டி செய்து ஒட்டி வைத்து, மேலே ஒரு துண்டு மெத்தையைப் போட்டால் தீர்ந்தது. உள்நாட்டு அணி முன்கூட்டியே வந்து பயிற்சியில் இருந்தது. அதிலேயே உயரமான பெண்ணை, ஆறடி நாலங்குலக்காரியை, அளவு பார்க்கக் கூப்பிட்டார்.

"முதல்ல பழைய கட்டில்ல எப்படிப் படுப்பியோ அப்படியே படும்மா."

அவள் ஒருக்களித்துப் படுத்தாள். இரண்டு முட்டியையும் வயிற்றோடு மடக்கி, நடுவில் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டாள்.

தச்சர் கையில் டேப்போடு அப்படியே நின்றுவிட்டார். அச்சு அசல் அதே படுக்கை. அவர் வீட்டில் தினமும் பார்ப்பது. அது மனைவியுடைய பழக்கம் என்றல்லவா நினைத்திருந்தார்! பூனைக்குட்டி மாதிரி சுருண்டுக்கிறியே என்று கேலிகூடச் செய்திருக்கிறார்.

"ஏம்மா இப்படி மடக்கிக்கிற?"

"வேற என்ன அங்கிள் பண்றது? நீட்டினா பலகை இடிக்குமே. காலைல எந்திரிச்சா முட்டி புடிச்சுக்கும். பழகிருச்சு."

வீட்டுக் கட்டில் அவர் கையாலேயே செய்தது. அவள் எழுந்து நிற்பதற்கு முன்னாலேயே, கல்யாண ஆசையில், அவசரக்குடுக்கையாகச் செய்து வைத்தது. அளவு? தன்னுடைய உயரம், அதற்கு மேல் தாராளமாக ஒரு சாண். தாராளமாம் தாராளம்! கால்மாட்டுப் பலகையில் ஜோடிக் கிளி வேறு செதுக்கியிருந்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். தச்சுப்பட்டறை வீட்டின் பக்கத்தில், அவர் அலைந்ததோ தைலக்கடைக்கு.

பெட்டிகள் இருபத்து மூன்றும் ஒன்பதாம் நாளே முடிந்தன. மிச்சப் பலகையை வார்டனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஜோடிக் கிளியை அறுத்து எடுத்தார். ரம்பம் இழுக்கும்போது மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. மதியம் மனைவி கடையிலிருந்து வந்தபோது இருபத்து நாலாவது பெட்டி தயாராக இருந்தது.

"இங்க வந்து படு."

"பட்டப்பகல்ல என்னங்க இது கூத்து?"

"படுன்னா படேன்."

படுத்தாள். படுத்ததும் முட்டி தானாக மடங்கியது.

"நீட்டு."

மெல்ல நீட்டினாள். பாதம் எதிலாவது இடிக்கும் என்று பாதி வழியில் தயங்கினாள். இடிக்கவில்லை. முழுதாக நீட்டிவிட்டு அப்படியே கிடந்தாள். கண்ணீர் காதோரமாக இறங்கியது.

தச்சர் குனிந்து அதைத் துடைத்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒருநாள் வேலைதானே? ஏன் சொல்லல?"

"கட்டில் குட்டைன்னு எப்படிங்க சொல்றது? ஊரே அந்த வார்த்தையைத்தான் உங்களைச் சொல்லுது. வீட்டுல நானும் சொல்லணுமா?"

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்த தச்சர் அவள் காலடியில் உட்கார்ந்து முட்டியை மெதுவாகப் பிடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். வார்டன் கொடுத்த இலவச டிக்கெட்டில் இருவரும் போனார்கள். ஆறடி நாலங்குலக்காரி எம்பி முதல் பந்தைக் கூடையில் போட்டதும் மனைவி துள்ளி எழுந்து கைதட்டினாள். கூன் இல்லை, குறுகல் இல்லை, முழு ஐந்தடி பதினொன்று.

"அம்மா, உக்காருங்க, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அவள் பழக்கதோஷத்தில் தோளைக் குறுக்கப் போனாள்.

தச்சர் தன் இருக்கைமேல் ஏறி நின்று திரும்பினார். "மறைக்கட்டும் சார். இருபத்திரெண்டு வருஷமா மடங்கிக் கிடந்தவ. இன்னைக்குக் கொஞ்சம் நிக்கட்டும்."