ஹில்டேக்கு எத்தனை வயது

கேக்கில் பெயர் எழுதும் வேலை கிடைத்த மூன்றாம் நாளே நான் ஒருவருடைய கேக்கில் வயதை மாற்றி எழுதினேன். கை தவறி அல்ல, யோசித்துத்தான். இப்போது கேக் கடைகளில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஜெர்மனியின் கொலோன் நகரம். நான்கு வருடம் தட்டும் தாச்சியும் கழுவிய பிறகு, என் கையெழுத்தைப் பார்த்த மைஸ்டர், உருக்கிய சொக்லேற் நிரப்பிய கடதாசிக் கூம்பை என்னிடம் தந்திருந்தார். மைஸ்டர்தான் கடையின் முதலாளி.

அன்று வந்த ஓடர் சீட்டில் ‘ஹில்டே, 20’ என்று இருந்தது. யாருக்கு என்று கவுண்டரில் நின்ற சாந்தி அக்காவைக் கேட்டேன்.

“லென்ட்ஸ் அம்மான்ரை ஓடர். வருசா வருசம் தன்ரை தமக்கைக்கு எடுக்கிறவ.”

“லென்ட்ஸ் அம்மாவுக்கு என்ன வயசு அக்கா?”

“அறுபத்தெட்டு எண்டு போன கிழமை சொன்னவ.”

அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு இருபது வயதில் அக்காவா? ஜெர்மன் எண்களில் நானே எத்தனையோ தரம் சறுக்கியவள். சீட்டு எழுதியவரும் சறுக்கிவிட்டார் என்று நினைத்தேன். தங்கையின் வயதோடு குத்துமதிப்பாக இரண்டைக் கூட்டி, கேக்கை மூடிய மார்சிபான் என்ற பாதாம் மாவின் மேல் ‘70’ என்று வடிவாக எழுதினேன். பக்கத்தில் மூன்று றோசாப்பூவும் வைத்தேன்.

மைஸ்டர் அதைப் பார்த்தபோது லென்ட்ஸ் அம்மா கடைக்குள் வந்துவிட்டார்.

“பிலோமினா, என்ன செய்து வைச்சிருக்கிறீர்? அந்தப் பிள்ளை போரிலை செத்துப்போச்சு. என்ரை அப்பா காலத்திலையிருந்து இருபதுதான் எழுதுறம்” என்று மைஸ்டர் மெல்லிய குரலில் ஏசினார்.

சுரண்டினால் மார்சிபானில் கறை நிற்கும். புதுக் கேக் செய்ய நேரமில்லை.

“பிழை விட்டது நான். நானே போய்ச் சொல்லுறன்” என்று பெட்டியைத் தூக்கினேன். திரும்பவும் தாச்சி கழுவத் தயாராகத்தான் போனேன்.

நான் சொல்லி முடிக்குமுன் லென்ட்ஸ் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கேக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால், சிரிப்பு.

“கணக்குச் சரி பிள்ளை. இருந்திருந்தால் இண்டைக்கு அவவுக்கு எழுபதுதான்.”

கவுண்டரில் சாய்ந்தபடியே சொன்னார். ஹில்டே இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் உதவிப் பெண்கள் பிரிவில் சேர்ந்து, கீல் துறைமுகத்தில் டெலிபோன் இணைப்புக் கொடுத்தவள். இணைப்பில் உரத்துச் சிரித்ததற்காக அதிகாரியிடம் இரண்டு தரம் ஏச்சு வாங்கியவள். சுருட்டை மயிரில் தொப்பி நிற்காததால் பதினொரு கொண்டை ஊசி குத்துவாளாம். இருபதாவது பிறந்தநாளுக்கு லீவில் வருகிறேன் என்று எழுதியிருந்தாள். தாயார் பங்கீட்டுச் சீனியையும் பட்டரையும் மிச்சம் பிடித்துக் கேக் செய்தார். அவள் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது துறைமுகத்தில் குண்டு விழுந்தது. செய்தி வந்தபோது கேக் மேசையில் இருந்தது.

“அண்டைக்கு அவ வெட்டாத கேக்கைத்தான் ஒவ்வொரு வருசமும் செய்விக்கிறம். ஒருத்தரும் அவவுக்கு வயசு போக விடேல்லை” என்றவர், கேக்கை மறுபடி பார்த்தார். “இப்ப நல்லாக் குண்டா இருந்திருப்பா. கட்டுப்பல்லைக் கழட்டி வைச்சிட்டுச் சிரிச்சிருப்பா.”

“மயிரும் கொட்டியிருக்கும். தொப்பி ஒழுங்கா நிண்டிருக்கும்” என்றார் சாந்தி அக்கா. நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். லென்ட்ஸ் அம்மாவோ கண்ணீர் வரச் சிரித்தார். மைஸ்டரும் சிரித்துவிட்டார்.

வேறு கேக் செய்து வீட்டுக்கு அனுப்புவதாக மைஸ்டர் சொன்னதற்கு, “வேண்டாம், இதைத்தான் கொண்டுபோறன்” என்று லென்ட்ஸ் அம்மா பெட்டியை அணைத்துக்கொண்டு போனார். போரில் செத்து, வயது ஏறாமல் நின்றுபோன பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். வீடு திரும்பும் வழியில் அவர்களில் இரண்டு பேரை எழுபது வயதில் நினைத்துப் பார்த்து, ட்ராமில் தனியே சிரித்தேன்.

பிள்ளைகளே, சீட்டில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் கடைசிவரை கேளுங்கள். நான் யாருக்கு என்று கேட்டேன், ஏன் இருபது என்று கேட்கவில்லை. அன்று நான் தப்பியது லென்ட்ஸ் அம்மாவின் நல்ல மனத்தால்.

அடுத்த வருடம் அவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

“எழுபத்தொண்டு எண்டு எழுதுங்கோ பிள்ளை. சீனியைக் கொஞ்சம் குறையுங்கோ. இந்த வயசிலை அவவுக்குக் கூடாது.”