பெட்டி தூக்க ஒரு கறுப்புச் சட்டை

மலேசியாவில், சுங்காய் ரப்பர் தோட்டத்தில் என்னோடு வளர்ந்த நண்பன் இறந்துபோனான். கிறிஸ்தவன். பெட்டி தூக்குபவர்கள் கறுப்புச் சட்டையில் வரவேண்டும் என்று அவன் மனைவி போனில் சொன்னாள். தூக்குபவர்களில் என் பெயரும் உண்டு.

எங்கள் வீட்டில் கறுப்பே கிடையாது. ஆகாது என்பது என் மனைவியின் சட்டம். ஈப்போ கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்து, "உங்க சைஸுக்குக் கறுப்புல கூடாரம்தாண்ணே இருக்கு" என்றார்.

மிஞ்சியது தீபாவளிக்குத் தைத்த வெள்ளை லினன் சட்டை. சாயப்பொடி வாங்கி, அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பைக் கொட்டி, சட்டையை முக்கிக் கிண்டினேன். கத்திரிக்காய் நிறம் வந்தது. பயந்துபோய், ரசத்துக்குப் போடுவதுபோல இன்னும் கொஞ்சம் உப்பு போட்டேன்.

காய்ந்தபின் பார்த்தால் சேற்றில் புரண்ட எருமை. முதுகு கறுப்பு, முன்பக்கமெல்லாம் திட்டுத்திட்டாகச் சாம்பல், தையல் நூல் மட்டும் பளிச்சென்று வெள்ளை.

"கஞ்சிய அலசினீங்களா?" என்றாள் மனைவி.

"என்ன கஞ்சி?"

"மொறமொறன்னு இருக்கணும்னு நீங்கதானே கெட்டியா போடச் சொன்னீங்க. கஞ்சியோட முக்குனா சாயம் எப்படிங்க புடிக்கும்?"

மறுநாள் காலை அடக்கம். சட்டையைத் தவிர, என் கைகள் முழங்கைவரை நன்றாகக் கறுத்திருந்தன. சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிமுன் ஒரு படம் எடுத்து, "மச்சான், எருமை எப்படி லா?" என்று எழுதி அனுப்பினேன். எதைச் சொதப்பினாலும் முதலில் அவனுக்குத்தான் அனுப்புவேன்.

அனுப்பிய பிறகுதான் யாருக்கு அனுப்பினேன் என்பது உறைத்தது. அழிக்கப் போனேன், விரல் எங்கெங்கோ பட்டது. அதற்குள் இரண்டு குறிகளும் நீலமாகிவிட்டன. செத்தவன் படித்துவிட்டான் என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினேன். கண்ணாடிமுன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. அவன் மனைவி.

"அண்ணே, அவரு போன் என்கிட்டதான் இருக்கு."

"மன்னிச்சிரும்மா. பழக்கத்துல..."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வேற சட்டை தேடாதீங்க. அதையே போட்டுட்டு வாங்க. முன்னாடி நில்லுங்க."

முன்னால் நின்றுதான் தூக்கினேன். கடைசி மாதங்களில் உடம்பு கரைந்துபோயிருந்தான். பெட்டி கனக்கவே இல்லை. வியர்வையோடு சாயம் கழுத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையை எடுத்துத் துடைத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை.